பின்வரிசைக்குக் கேட்கிற குரல்

விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். முதலில் சுவரோரம், பிறகு நடைபாதை, கடைசியாகத் தலைக்கு மேலே இருந்ததும் போய்விட்டது. இருட்டானதும் நான் மேடையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூச்சைத்தான் கேட்டேன். உள்ளே போகும்போது சத்தமில்லை. வெளியே வரும்போது மட்டும் எங்கேயோ ஓரிடத்தில் உரசிவிட்டு வருகிறது, சரியாகச் சாத்தாத கதவு தரையைத் தேய்ப்பதுபோல. திங்கட்கிழமைக்கு மேல் அந்த உரசலும் இருக்காது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டுக் கழுத்தில், சட்டையின் முதல் பொத்தானுக்குச் சற்று மேலே, ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அது வழியாகப் போய்வரும் என்று மருத்துவமனையில் டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டினாள். மூக்கையும் வாயையும் வரைந்துவிட்டு, அவற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு அடைத்தாள். இவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப டிக்கெட் டிக்கெட்னு கேக்க முடியாதா டாக்டர்?" என்றார். அவள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். போடியிலிருந்து மதுரை போகிற அரசுப் பேருந்தில் இருபத்தொன்பது வருஷமாக நடத்துநர். என் பையில் இருக்கிற மருத்துவமனைக் கோப்பின்மேல் சுருளிவேல், ஐம்பத்தெட்டு, ஆண் என்று எழுதியிருக்கிறது. அந்த ஐம்பத்தெட்டு இன்றைக்குத்தான் ஆகிறது. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் வந்து சேர்ந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது சனிக்கிழமை நாலு மணி. சரியாக ஒரு நாள்.

பிறந்தநாள் என்று நாங்கள் எதையும் கொண்டாடியதில்லை. சர்டிபிகேட்டில் இருக்கிற தேதிகூடப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்ததைப் போட்டது என்று இவரே சொல்வார். ஆனால் திருப்பூரில் இருக்கிற மகள் தாரணிக்கு அந்தத் தேதிதான் கணக்கு. ஆபரேஷன் நாள் குறித்ததும் போன் பண்ணி, "அப்பா, பொறந்தநாளுக்கு என்ன வேணும், சொல்லுங்க, எதுன்னாலும் சொல்லுங்க" என்று கேட்டாள். இவர், "மெட்ராஸ்ல ஒரு நல்ல நாடகம் பாக்கணும்பா. மைக் இல்லாமப் பேசுறாங்கல்ல, அந்த மாதிரி" என்றார். அவள் போனிலேயே இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பினாள், எழும்பூரில் லாட்ஜும் அவள்தான் பார்த்தாள், திங்கட்கிழமை விடிய வந்துவிடுவாள். என்னிடம் மட்டும் தனியாக ஒன்று சொன்னாள். "அம்மா, அப்பா பேசுறத போன்ல எடுத்து வையி. சும்மா எது பேசுனாலும். அவருக்குத் தெரியாம எடு." நேற்று ராத்திரி பஸ்ஸில் எடுத்தேன். பதினாலு வினாடி. தண்ணிப் பாட்டில் எங்கே என்று கேட்கிறார், காலுக்கடியில் இருக்கிறது என்று நான் சொல்கிறேன், சரி என்கிறார், மிச்சமெல்லாம் எஞ்சின் சத்தம். அவ்வளவுதான் எடுக்க முடிந்தது. காலையில் லாட்ஜில் வந்து இறங்கியதிலிருந்து இவர் பேசவே இல்லை. எதைக் கேட்டாலும் தலையசைப்பு. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இங்கே வந்தால், போன்களை அணைத்துவிடுங்கள், எதையும் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு பெண் மேடையில் வந்து நின்று கும்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியை நினைத்துப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த மாதிரி நிம்மதி எனக்குப் புதிதல்ல.

நாடகம் ஆரம்பித்துவிட்டது. மேடையில் ஒரு கயிறு மட்டும் குறுக்கே கட்டியிருக்கிறார்கள். அதுதான் ஆறாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி, இந்தப் பக்கம் ஒரு பரிசல்காரன். பாலம் வரப்போகிறது, இனிமேல் பரிசலுக்கு வேலை இல்லை. பரிசல்காரனாக நடிக்கிறவனுக்கு நல்ல தொண்டை. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசுகிறான், ஆனாலும் காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்வதுபோல இருக்கிறது. இவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு. நாடகம் என்றால் இவருக்கு அப்படி. டிப்போவில் ஆண்டு விழாவுக்குத் தொழிற்சங்கத்துக்காரர்கள் போடுகிற நாடகத்தில் பதினெட்டு வருஷம் நடித்தார். குரல் பெரிசு என்பதால் எப்போதும் இன்ஸ்பெக்டர் வேஷம், இல்லையென்றால் மில் முதலாளி. தாரணியை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் பக்கத்திலிருக்கிற பெண்கள் என்னையே பார்ப்பார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்பார், எப்படி இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் கத்தாமப் பேசியிருக்கலாம் என்பேன். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னேன். இவரும் ஒவ்வொரு வருஷமும் அதையேதான் பதிலாகச் சொன்னார், பின்வரிசைக்குக் கேக்கணும்ல. வீட்டில் பின்வரிசை எங்கே இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. பல் விளக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். டிவியில் செய்தி வாசிக்கிறவளோடு சண்டை போடுவார். போனில் பேசினால் தெருமுனைவரை கேட்கும். தூக்கத்தில்கூட நிறுத்தங்களின் பெயரைச் சொல்லுவார், சில்லமரத்துப்பட்டி விலக்கு, இறங்குறவங்க முன்னால வாங்க. நான் ஏலக்காய்க் கிடங்கில் நாள் முழுக்க உட்கார்ந்து காய் பிரிக்கிறவள். நாற்பது பெண்கள் ஒரே கூரைக்குக் கீழே பேசுகிற இரைச்சலைக் காதில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவேன். வந்தால் இவர். கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எண்ண வேண்டாம். எண்ணினால் விடியாது. எல்லா வீட்டிலும்தான் சொல்கிறார்கள். எந்த வீட்டிலாவது அது பலித்திருக்கிறதா.

அதுகூடப் பரவாயில்லை, அது வாய்வார்த்தை. நான் நினைக்கக் கூடாது என்று ஒதுக்குகிறது அது இல்லை. காய் பிரிக்கும்போது வெடித்த காயை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாலும் கடைசியில் தட்டில் அதுதான் நிறைய இருக்கும். பொங்கல் முடிந்த வாரம் இவருக்குத் தொண்டை கட்டியது. மிளகுப்பால் கொடுத்தேன், பனங்கற்கண்டு கொடுத்தேன், அதிமதுரத்தைத் தட்டி வாயில் அடக்கச் சொன்னேன். சரியாகவில்லை. குரல் கம்மி, பிறகு இன்னும் கம்மி, மாசி பிறக்கும்போது காற்றுதான் வந்தது. டிக்கெட் கேட்க ஒரு விசில் வைத்துக்கொண்டார். வீட்டில் பேசுவது குறைந்தது. டிவியோடு சண்டை நின்றது. ஒரு நாள் சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன், பக்கத்து வீட்டு மாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. இருபத்தேழு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். இவர் கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாக இருந்தது. இதை எந்த வார்த்தையில் சொன்னாலும் இதுதான். நன்றாக இருந்தது. சித்திரையில் போடி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் தேனிக்குப் போய்த் தொண்டை டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக்கொடுத்தார். இவர் அதை டிவிக்கு அடியில் வைத்தார். லீவு கெடைக்கட்டும் என்றார். நான் தினமும் டிவியைத் துடைக்கிறவள். சீட்டைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன். வைகாசி, ஆனி. ஒரு தடவைகூட, போங்க, போய்க் காட்டுங்க என்று சொல்லவில்லை. புற்றாக இருக்கும் என்று நான் கண்டேனா. இல்லை. சத்தியமாக இல்லை. தொண்டைக்கட்டு, என்றைக்காவது போகும், போனதும் பழைய சத்தமெல்லாம் திரும்பி வரும், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று இருந்தேன். ஆடியில் எச்சிலில் ரத்தம் வந்த பிறகுதான் தேனி, அங்கிருந்து மதுரை, அங்கிருந்து இங்கே. இங்கே அந்த டாக்டரம்மா கோட்டைப் போட்டு அடைத்துவிட்டுப் பேனாவை மூடும்போது சொன்னாள், ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா ரேடியேஷன், கரண்ட் வச்சே பாத்திருக்கலாம், குரலைக் காப்பாத்தியிருக்கலாம். ரெண்டு மூணு மாசம். அவள் விரலில் எண்ணவில்லை, நான் எண்ணினேன். தாரணி அழுதுகொண்டே போனில் கேட்டாள், "ஏம்மா இத்தன நாள் விட்டீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போனை வாங்கி, "நாந்தான்பா லீவு இல்லன்னு தள்ளிப் போட்டேன், அம்மாவ ஒண்ணும் சொல்லாத" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கைதட்டுகிறார்கள். விளக்கு வந்துவிட்டது, இடைவேளை. வராந்தாவில் ஒரு பெண் டீ விற்கிறாள். இவர் முன்னால் போய் இரண்டு விரலைக் காட்டினார். "சர்க்கரை போட்டா, போடாமலா சார்?" என்றாள். இவர் கையைக் கிண்டுகிற மாதிரி ஆட்டினார். அவளுக்குப் புரியவில்லை. இவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "சாருக்குச் சர்க்கரை போடலாமாம்மா?" என்று கேட்டாள். குரலை உயர்த்திக் கேட்டாள், இவருக்குக் காதும் கேட்காது என்பதுபோல. போடுங்க என்றேன். இவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. டம்ளரை வாங்கிக்கொண்டு தூணோரம் போனோம்.

"ஏன் பேச மாட்டேங்கிறீங்க? வலிக்குதா?"

தலையை இல்லை என்று ஆட்டினார். டீயை ஊதினார். ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்.

"பழகிப் பாக்குறேன்."

"என்னத்த?"

"இனி இப்படித்தான இருக்கணும். காலையில இருந்து ஒரு வார்த்தை பேசாம ஒப்பேத்திப் பாக்கலாம்னுதான். முடியுது அமராவதி. லாட்ஜுக்காரன்ட்ட, இட்லிக் கடையில, எல்லாம் கையாலயே முடிஞ்சிருச்சு."

"இன்னைக்கா பழகணும்? இன்னும் ஒரு நாள் இருக்கு. அதுக்கப்புறம் ஆயுசு பூராப் பழகிக்கலாம்ல."

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமை முழிச்சு, பழக்கத்துல வாயத் தொறந்து கூப்பிட்டு, ஒண்ணும் வரலன்னா பயந்துருவேன். இன்னைக்கே கொஞ்சம் பயந்துட்டா அன்னைக்குக் கம்மியா இருக்கும்." உங்களுக்குப் பயம் குறையணும், சரி, எனக்கு உங்க பேச்சு வேணும், இந்த ஒரு நாள் பேச்சு எனக்கு வேணும் என்று கேட்க நினைத்தேன். எந்த வாயால் கேட்பது. ஆறு மாசம் வேண்டாம் என்று இருந்த வாயால். மணி அடித்தார்கள், உள்ளே போனோம்.

மறுபடி இருட்டு, மறுபடி கயிறு. பாலம் திறந்துவிட்டார்கள் போல, எல்லாரும் கயிற்றை மிதித்துத் தாண்டிப் போகிறார்கள், பரிசல்காரன் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கதை எனக்குப் பிடிபடவில்லை. மருத்துவமனை வராந்தாவில் போன வாரம் பார்த்த ஆள் ஞாபகத்துக்கு வருகிறார். கழுத்தில் பட்டைத்துணி, கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. அதைத் தாடைக்குக் கீழே அழுத்தி அவர் மனைவியிடம் ஏதோ சொன்னார். தகர டப்பாவுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம், ஏற்ற இறக்கம் இல்லாமல். அந்த அம்மா, சரி, வாங்கிட்டு வாரேன் என்று சாதாரணமாக எழுந்து போனாள். அவளுக்குப் புரிகிறது. எனக்கும் புரிய ஆரம்பிக்கும். ஆனால் கோபமாகச் சொன்னாலும் ஆசையாகச் சொன்னாலும் அந்த வண்டு ஒரே மாதிரிதானே சுற்றும். இவருக்குக் கோபம் வந்தால் முதல் வார்த்தை கொஞ்சம் இழுபடும், எ...ன்ன என்பார், அதை வைத்துத்தான் நான் அடுப்படியில் இருந்தே முகத்தைப் பார்க்காமல் தெரிந்துகொள்வேன். இனி முகத்தைப் பார்க்க வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் நான் இவர் முகத்தை அவ்வளவு பார்த்ததில்லை, தேவைப்படவில்லை, குரல் இருந்தது. நான் அடுப்படியில் இருக்கும்போது முன்னறையில் இவர் விழுந்தால் என்ன செய்வார். தட்டுவார். எதைத் தட்டுவார், தரையில் பாய் இருந்தால் கேட்குமா. வீடு அமைதியாக இருக்கும். மாடு தண்ணீர் குடிக்கும். நான் ஆசைப்பட்ட வீடு. இவரிடம் சொல்லிவிட வேண்டும். இவர் பதில் சொல்ல முடிகிறபோதே சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்குப் பிறகு சொன்னால் அது, வாய் கட்டின ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்கிறது. இன்றைக்கே. பிறந்தநாள் அன்றைக்கா. நாளைக்கு மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் ஆட்கள் இருப்பார்கள். அப்படியானால் இன்றைக்குத்தான். சொன்னால் இவர் நொறுங்கிப் போவாரா, அந்த நொறுங்கலோடு போய் ஆபரேஷன் மேசையில் படுப்பாரா, அதனால் ஏதாவது ஆகிவிட்டால். சொல்லாவிட்டால் நான்தான் நல்லவள், தாரணிக்கும் நல்லவள், ஆயுசு பூரா கழுத்துத் துளையைத் துடைத்துவிட்டு நல்லவளாகவே இருப்பேன். இவருக்காகச் சொல்கிறேனா எனக்காகவா. அதைப் பிரித்தெடுக்க என் விரலுக்குத் தெரியவில்லை. மேடையில் கிழவி இப்போது அந்தப் பக்கம் திரும்பி நின்று பேசுகிறாள், பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வை என்றோ என்னமோ. பாதிதான் கேட்கிறது. கைதட்டல்.

முடிந்ததும் நடிகர்கள் மேடை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாடகத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். இரண்டு பேர் பெரிய பெரிய வார்த்தையில் பேசினார்கள். மூன்றாவதாகப் பார்த்தால் இவர் கையைத் தூக்கியிருக்கிறார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், விடவில்லை, எழுந்து நின்றுவிட்டார். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் இடுப்போடு வைத்துக்கொண்டு பேசினார். முழு பலத்தையும் கூட்டி. நரம்பு புடைத்தது. உடைந்த குரல்தான், ஆனால் அரங்கம் மொத்தமும் அடங்கிவிட்டதால் கேட்டது. "எல்லாரும் நல்லாப் பண்ணுனீங்க. கடைசியில அந்தம்மா முதுகக் காட்டிப் பேசுறாங்கல்ல, அந்த எடம்தான் உயிரான எடம். பின்வரிசைக்குக் கேக்கல. கொஞ்சம், இந்த அளவு, தோளத் திருப்பிக்கிட்டாப் போதும். கேட்டுரும்." தன் தோளைத் திருப்பிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் வேஷத்தில் நின்ற மாதிரியே நின்றார். கிழவியாக நடித்த பெண், நரைமுடியைக் கழற்றிவிட்டதால் முப்பது வயதுதான் இருக்கும், எழுந்து கும்பிட்டாள். "நன்றிங்க ஐயா, நாளைக்கே மாத்திக்கிறேன். உங்க தொண்டைக்கு என்னாச்சு?" என்றாள்.

"சளிம்மா" என்றார். "மாறிரும்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டார், யாரோ ஒரு பெண்ணின் தோளுக்காக. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நல்லா இருந்துச்சு என்றேன். உங்க குரல் பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும் என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார், இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை என்று இவருக்கும் தெரியும், ஏன் இப்போது சொல்கிறேன் என்றும் தெரியும்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. ஆட்டோ பிடிக்கலாம் என்றேன், பஸ் நிறுத்தத்தைக் கையால் காட்டினார். மறுபடி பழக ஆரம்பித்துவிட்டார். நிறுத்தத்தில் கம்பி இருக்கையில் உட்கார்ந்தோம். இரண்டு பஸ் வந்து போனது, எங்கள் வழி இல்லை. நான் சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"சித்திரையில போடி டாக்டர் ஒரு சீட்டுக் குடுத்தாருல்ல. டிவிக்கு அடியில வச்சீங்களே. நான் தினமும் அதப் பாத்தேங்க. மறந்தெல்லாம் போகல. உங்களுக்குத் தொண்ட கட்டுனதுல இருந்து வீடு அமைதியா இருந்துச்சு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. அதான் போகச் சொல்லல."

பக்கத்தில் மூச்சு மட்டும் உரசிவிட்டு வந்தது. நான் முகத்தைப் பார்த்தேன். தாடை அசையவில்லை, கண் எதிர்ப்பக்கத்துச் சுவரில் இருந்தது. இது காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிற பேசாமையா, என்மேல் வந்த பேசாமையா, எனக்குத் தெரியவில்லை. கோபமா என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறினோம். நடத்துநர் பின்னால் அவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இவர் அவரிடம் போய், "எழும்பூர் ரெண்டு" என்றார். வாயால் சொன்னார். கம்மிய குரல்தான், இருந்தாலும் தெளிவாக, நடத்துநருக்கு நடத்துநர் சொல்கிற மாதிரி. அந்த ஆள் திரும்பக் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நடத்துநருக்குக் கொடுக்க இவரிடம் குரல் இருக்கிறது, எனக்குக் கொடுக்கத்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். சிக்னல், கோயில் கோபுரம், ஒரு பள்ளிக்கூடச் சுவர், மறுபடி சிக்னல். ராயப்பேட்டை தாண்டியிருக்கும். இவர் என் பக்கம் சாய்ந்தார், காதோரம் அந்தக் காற்று பட்டது.

"இதத் தாரணிகிட்ட சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டார். அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. கைப்பிள்ளையோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்து இவர் எழுந்து இடம் விட்டார், என் இருக்கையின் முதுகுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழும்பூர் வரைக்கும் அந்தக் கை என் தோளுக்கு ஒரு விரற்கடை தள்ளியே இருந்தது. வண்டி குலுங்கியபோதும் தோளில் படவில்லை. அங்கிருந்து எடுக்கவும் இல்லை.